சீனியில்லா இனிப்பு

இரசாயன ஆய்வுகூடத்தில் எப்பொருளையும் நாவிலிட்டுச் சுவைத்தல் ஆகாது என்பது, அதனுட் புகும் மாணாக்கன் முதல் நாளிலேயே பெறும் கட்டளை. எமது கல்லூரியிலும் அவ்வாறே கற்பித்தனர். ஆயினும், பேரங்காடிகளின் அடுக்குகளில் இன்று நிறைந்து கிடக்கும் செயற்கை இனிப்புப் பொருள்களின் வரலாற்றை ஆராயுங்கால், அவற்றுட் பெரும்பாலானவை இக்கட்டளையை மீறியமையாலேயே உலகிற்குக் கிடைத்தன என்பது புலனாகும். ஆய்வு முடிந்து கையைச் செவ்வனே கழுவாது உண்ண அமர்ந்தவர் ஒருவர்; மேசை விளிம்பில் வைத்த சிகரெட்டை எடுத்து மீண்டும் வாயில் வைத்தவர் ஒருவர்; தாள் ஒன்றை எடுத்தற்காக விரலை நாவில் தொட்டவர் ஒருவர்; சோதித்துப் பார் என்று பேராசிரியர் ஆங்கிலத்திற் கூறியதைச் சுவைத்துப் பார் எனப் பிழையாகக் கேட்டு, அவ்வாறே செய்தவர் ஒருவர். இந்நால்வரும் முறையே சக்கரின், சைக்கிளமேற், அஸ்பார்ட்டேம், சுக்கிரலோஸ் என்னும் நான்கினையும் கண்டனர். உயிர் பிழைத்தமையால் இவர்கள் கண்டுபிடிப்பாளர் எனப் போற்றப்படுகின்றனர். மாணவர் இவர்களைப் பின்பற்றாதிருப்பாராக.

விழா மலரில் உணவைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டோ என்று அன்பர் சிலர் வினவலாம். பழைய மாணவர் மூவர் ஓரிடத்திற் கூடின், முன்னாளிற் கிரிக்கெற் போட்டியையும் அதிபரின் பிரம்பையும் பற்றிப் பேசினர். இந்நாளிலோ காலைக் குருதியிற் சீனி எத்தனை என்பதே பேச்சாய் முடிகின்றது. தேநீர் வந்ததும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து இனிப்புக் குளிசையை எடுப்பார். "அது புற்றுநோயைத் தருமாமே" என்பார் அடுத்தவர். மூன்றாமவர், தமக்குச் சீனியும் வேண்டாம் குளிசையும் வேண்டாமென்று பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதாகப் பெருமையுடன் உரைப்பார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இவ்வுரையாடல் ஒன்றே. இவருள் எவர் கூற்று எவ்வளவுக்கு மெய் என்பதை ஆராயப் புகுந்தோம்.

சக்கரின் இவற்றுள் மூத்தது. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐறா றெம்சன் என்பாரின் ஆய்வுகூடத்தில், கொன்ஸ்ரன்ரின் பால்பேர்க் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருள்களை ஆராய்ந்து வந்தார். 1879ஆம் ஆண்டில் ஒருநாள் இராவுணவின்போது கையிலெடுத்த பாண் வழக்கத்துக்கு மாறாக இனித்தது. இனிப்புப் பாணிலன்று, தம் விரல்களிலேயே உளது என அறிந்த அவர் ஆய்வுகூடத்துக்கு மீண்டு, அங்கிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து அப்பொருளைக் கண்டுபிடித்தார். சீனியினும் முந்நூறு மடங்குக்கு மேல் இனிப்பது. உடலில் எரிந்து சக்தியாக மாறாது சிறுநீருடன் வெளியேறுவது. 1922ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் இன்சுலின் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு ஏற்றப்படும் வரையும், சலரோகத்தாருக்கு உணவைக் கடுமையாகக் குறைத்தலன்றி வேறு வழி பெரிதும் இருந்ததில்லை. அவர்க்கு இப்பொருள் பேராறுதலாயிற்று.

ஐயமும் உடன் பிறந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் இரசாயனப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஹார்வி வைலி, உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் பல்லாண்டு போராடி, 1906ஆம் ஆண்டின் தூய உணவுச் சட்டம் பிறத்தற்குக் காரணராயிருந்தவர். பேணியில் அடைத்த சோளத்திற்குச் சக்கரின் இடுவோர் மக்களை ஏமாற்றுகின்றனர், உண்போர் சீனியென எண்ணி நிலக்கரித் தாரிற் பிறந்த தீய பொருளை உண்கின்றனர் என 1908இல் அவர் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற்றிடம் முறையிட்டார். சனாதிபதியோ, தம் வைத்தியர் தமக்கு நாள்தோறும் அதனைக் கொடுப்பதாகவும், அது தீங்கானது என்பவன் அறிவிலி என்றும் சினந்து விடையளித்தார். இருவரும் ஒரு பொருளைப் பற்றிப் பேசினரேயாயினும் ஒரே வினாவைப் பற்றிப் பேசவில்லை என்பது எம் கருத்து. வைலி கூறியவற்றுள் உடற்றீங்கு பற்றிய பகுதி நிறுவப்படவில்லை. வாங்குவோன் அறியாதவாறு ஒன்றற்குப் பதிலாக மற்றொன்றை இடுதல் வஞ்சனை என்ற பகுதியோ இன்றும் வலிகுன்றாதது. 1912இல் உணவிற் சக்கரின் சேர்த்தல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. முதலாம் மகாயுத்தத்திற் சீனிக்குத் தட்டுப்பாடு வந்ததும் விலக்குத் தளர்ந்தது. இடையில் விஞ்ஞானம் மாறவில்லை, சீனியின் விலையே மாறிற்று.

சைக்கிளமேற் என்பது 1937இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆய்வுமாணவராயிருந்த மைக்கல் ஸ்வேடா தம் சிகரெட்டின் வாயிலாகக் கண்டது. சக்கரினை உண்டபின் நாவிற் படியும் கசப்பை இது மறைக்கவல்லது. ஆதலின் பத்துப் பங்கு சைக்கிளமேற்றும் ஒரு பங்கு சக்கரினும் சேர்ந்த கலவை 1960ஆம் ஆண்டுகளில் மென்பானங்களிற் பரவலாயிற்று. அமெரிக்கச் சட்டத்திலோ 1958இல், டெலானி என்னும் காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் வழங்கும் வாசகம் ஒன்று சேர்ந்திருந்தது. மனிதரிலாயினும் விலங்கிலாயினும் புற்றுநோயை உண்டாக்குவதாகக் காணப்பட்ட எச்சேர்மானமும், எத்துணைச் சிறு அளவினதாயினும், உணவில் இடம்பெறலாகாது என்பது அதன் கருத்து. 1969இல் மேற்சொன்ன கலவையைப் பெருமளவில் உண்ட எலிகள் சிலவற்றின் சலப்பையிற் கட்டிகள் காணப்பட்டன; சைக்கிளமேற் விலக்கப்பட்டது. 1977இல் கனடா நாட்டு ஆய்வொன்று சக்கரினைக் குற்றவாளியெனக் காட்டிற்று. அதனையும் விலக்க அமெரிக்க அரசாங்கம் முற்பட்டபொழுது, அந்நாட்டில் எஞ்சியிருந்த செயற்கை இனிப்பு அஃதொன்றேயாதலின், சலரோகத்தாரும் உடல் மெலிய விரும்பியோரும் எதிர்த்தெழுந்தனர். காங்கிரஸ் விலக்கை ஒத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் அச்சிட்டாற் போதும் என்றது. கனடாவோ சக்கரினை உணவினின்றும் நீக்கி, சைக்கிளமேற்றை மேசையில் வைத்து இட்டுக்கொள்ள இசைந்தது. நயாகரா அருவியின் ஒரு கரையில் விலக்கப்பட்டது மறுகரையில் விற்கப்பட்டது. இரு கரையிலும் எலிகள் ஒரே இனத்தனவே. அமெரிக்கா இன்றும் சைக்கிளமேற்றை அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கின்றது. கனடா 2014இல் சக்கரினை மீண்டும் உணவில் ஏற்றுக்கொண்டது.

அவ்வெலிகளின் செய்தியைச் சற்று விரித்துரைத்தல் பயனுடைத்து. கனடா ஆய்வில் எலிகள் உண்ட உணவில் நூற்றுக்கு 5 பங்கு சக்கரின். நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உணவுண்ணும் மனிதன் அவ்விகிதத்தில் உண்பானாயின் 50 கிராம் சக்கரினை உண்ணல் வேண்டும். அது 15 கிலோகிராம் சீனியின் இனிப்புக்குச் சமன். ஆயின், அளவு மிகையென்று கூறி வாளாவிருத்தல் தக்க விடையன்று. எலிக்குக் கட்டி வந்தது ஏன் என்பதும் தெரிதல் வேண்டும். அதனைப் பிற்காலத்து ஆய்வாளர் கண்டனர். ஆண் எலியின் சிறுநீரிற் புரதமும் கல்சியம் பொஸ்பேற்றும் மிகுதி. சோடியஞ் சக்கரின் பெருமளவிற் சேருமிடத்து ஆங்கே நுண்ணிய பளிங்குகள் தோன்றிச் சலப்பையின் உட்சுவரை அராவுகின்றன. அராவப்பட்ட சுவர் மீண்டும் மீண்டும் தன்னைப் புதுப்பிக்க முயலும்; ஓயாத அவ்வளர்ச்சியினிடையே கட்டி பிறக்கும். மனிதனின் சிறுநீர் அத்தன்மையதன்று. ஆகவே 1999இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் சக்கரினை, மனிதருக்குப் புற்றுநோய் தருவதென வகுக்க இயலாதனவற்றின் வரிசைக்கு மாற்றிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க எச்சரிக்கை வாசகமும் நீக்கப்பட்டது. பொட்டலங்களினின்றும் நீங்கிய வாசகம் மக்கள் மனத்தினின்றும் நீங்கவில்லை என்பதற்கு எம் தேநீர் மேசையின் இரண்டாம் நண்பரே சான்று.

நஞ்சு என்பது பொருளிலன்று, அளவிலே உளது எனப் பதினாறாம் நூற்றாண்டிற் பரசெல்சஸ் என்னும் ஐரோப்பிய வைத்தியர் எழுதினார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை எம் பாட்டிமார் அடுக்களையிலே அறிந்திருந்தனர். அவ்வளவை எண்ணாற் கூறும் முறை யாதெனில், விலங்குகளுக்கு வெவ்வேறு அளவிற் கொடுத்து, எவ்வளவு வரையும் யாதொரு தீங்கும் தோன்றவில்லை என முதலிற் காண்பர். விலங்கினும் மனிதன் பத்து மடங்கு மென்மையன் எனக் கொண்டு அதனைப் பத்தால் வகுப்பர். மனிதருள்ளும் சிலர் ஏனையோரினும் பத்து மடங்கு மெலியர் எனக் கொண்டு மீண்டும் பத்தால் வகுப்பர். எஞ்சும் நூற்றிலொரு பங்கே, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவென வரையறுக்கப்படும். அஸ்பார்ட்டேமுக்கு உலக சுகாதார தாபனமும் உணவு விவசாய தாபனமும் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது, உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 40 மில்லிகிராம். அமெரிக்கா வரையறுத்தது 50 மில்லிகிராம்.

இனி இதனைத் தேநீர் மேசைக்குக் கொணர்வோம். ஒரு கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். அஸ்பார்ட்டேம் சீனியினும் 200 மடங்கு இனிப்பதாதலின், அக்கரண்டியின் இனிப்பைத் தரும் குளிசையில் இருப்பது 20 மில்லிகிராம் அளவே. 60 கிலோகிராம் நிறையுடைய நண்பருக்கு எல்லை 2400 மில்லிகிராம். அதனைத் தொடுவதற்கு அவர் ஒரே நாளில் 120 குளிசைகளை இட்டுக் குடித்தல் வேண்டும். அத்துணைத் தேநீர் குடிப்பவருக்கு நேரும் துன்பம் வேறாகவே இருக்கும். ஆனால் அவருடைய பேரப்பிள்ளையின் கணக்கு இவ்வாறன்று. 20 கிலோகிராம் நிறையுள்ள ஒரு குழந்தைக்கு எல்லை 800 மில்லிகிராம். சீனியற்ற மென்பானப் பேணி ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை அஸ்பார்ட்டேம் இருக்குமாயின், மூன்றாவது அல்லது நான்காவது பேணியில் எல்லை வந்துவிடும். பிறந்தநாள் விழாவிலே விடாயெடுத்த பிள்ளைகள் எத்தனை பேணி குடிக்கின்றனர் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பாராக. எம்மவர் அச்சம் முதியவரின் குளிசைப் பெட்டியைச் சுற்றியே நிற்கின்றது. அது நிற்கவேண்டிய இடம் குழந்தையின் கையிலுள்ள போத்தல் என்பதே நாம் கூறவந்தது.

அஸ்பார்ட்டேமின் மீது ஐயம் எழுந்தமைக்குக் காரணமும் இல்லாமலில்லை. 1965இல் ஜேம்ஸ் ஷ்லற்றர் என்பார், சேர்ள் என்னும் மருந்துக் கம்பனியில் வயிற்றுப்புண் மருந்தொன்றை ஆராய்கையில் இதனைக் கண்டார். 1974இற் கிடைத்த அனுமதி ஆட்சேபங்களால் நிறுத்திவைக்கப்பட்டது. கம்பனி அளித்த ஆய்வுகள் செவ்வையாக நடத்தப்பட்டனவா என்ற வினா எழுந்தது. 1980இற் பகிரங்க விசாரணைச் சபை, மேலும் ஆராயும்வரை அனுமதி வேண்டாம் என்றது. 1981இற் புதிதாகப் பதவியேற்ற உணவு மருந்து ஆணையாளர் அதனை ஏற்காது அனுமதி வழங்கினார்; 1983இல் மென்பானங்களிலும் அது இடம்பெற்றது. விற்க விரும்புவோனே பணமிறுத்து ஆய்வை நடத்தி, அதன் முடிவை அரசாங்கத்துக்குக் கொடுக்கும் முறை இன்றும் பெரும்பாலும் அவ்வாறே உளது. ஆதலின் பொதுமக்கள் ஐயுறுவதைப் பேதைமை என இகழ நாம் ஒருப்படோம். ஐயுற்றோர் விடாது வினவியமையால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பழைய ஆய்வுகளையும் புதியவற்றையும் ஒருங்கே மீளாராய்ந்து, 40 மில்லிகிராம் என்னும் எல்லைக்குள் தீங்கில்லை என 2013இல் வெளியிட்டது.

இப்பொருள் உடலிற் புகுந்ததும் அஸ்பார்ட்டிக்கமிலம், பீனைலலனீன், மெதனோல் என மூன்றாகப் பிரியும். மெதனோல் என்றதும் கள்ளச் சாராயம் அருந்திக் கண்ணிழந்தோர் கதை நினைவுக்கு வரும். ஆயின் தக்காளிச் சாற்றினின்றும் பழச்சாறுகள் சிலவற்றினின்றும் கிடைக்கும் மெதனோல் இதனினும் மிகுதியே. மெய்யாகவே அஞ்சவேண்டியவர் வேறொரு சிறு கூட்டத்தார். பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவிக்குறையுடன் பிறக்கும் குழந்தைகளின் உடல் பீனைலலனீனை மாற்றவியலாது. அது குருதியிற் தேங்கி மூளையைக் கெடுக்கும். அவர் பொருட்டே, பீனைலலனீன் உளது என்னும் வாசகம் சுட்டுத்துண்டில் அச்சிடப்படுகின்றது. அதனைக் கண்டு ஏனையோர் அஞ்சவேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பத்திரிகைகள் பலவும் பெரிய எழுத்தில் வெளியிட்ட செய்தி நேயர்க்கு நினைவிருக்கும். லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் அஸ்பார்ட்டேமை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்னும் இரண்டாம் வகுப்பின் பிற்பிரிவிற் சேர்த்தது. அதே நாளில் மேற்சொன்ன நிபுணர் குழு 40 மில்லிகிராம் என்னும் எல்லையை மாற்றக் காரணமில்லை என அறிவித்தது. ஒரே உலக சுகாதார தாபனத்தின் இரு நாக்குகள் என்று சிலர் நகையாடினர். அஃது அவ்வாறன்று. முன்னையது வினவுவது, இப்பொருளால் எவ்வளவிலேனும் புற்றுநோய் உண்டாகக்கூடும் என்பதற்குச் சான்றுண்டோ என்பது. பின்னையது வினவுவது, மக்கள் உண்ணும் அளவில் எவ்வளவு இடருண்டு என்பது. கிணற்றில் முதலை உண்டோ என்பதும், கிணற்றங்கரையில் நிற்பவனை அது பிடிக்குமோ என்பதும் இரு வினாக்கள் அன்றோ? கற்றாழையின் முழு இலைச்சாறும், ஆசிய நாடுகளின் மரபுவழி ஊறவைத்த மரக்கறிகளும் அதே பிரிவில் உள்ளன என்பதையும் உடன் அறிதல் நன்று. 70 கிலோகிராம் நிறையுள்ளவர் எல்லையைக் கடக்க நாளொன்றுக்கு 9 முதல் 14 பேணிகளுக்கு மேல் அருந்தல் வேண்டும் என்பதை அத்தாபனமே கணக்கிட்டுக் காட்டியது.

இச்செய்தியின் ஆரவாரத்தில், அவ்வாண்டு மே மாதத்தில் வந்த மற்றொரு அறிக்கையைப் பலர் கவனித்திலர். அதுவே அன்றாட வாழ்வுக்கு அதிகம் வேண்டியது. உடல்நிறையைக் குறைத்தற்காகச் செயற்கை இனிப்பை நாடவேண்டாம் என உலக சுகாதார தாபனம் அதில் அறிவுறுத்தியது. நெடுங்காலம் நோக்குமிடத்து அதனால் உடற்கொழுப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. பல்லாண்டு பயன்படுத்துவோரிற் சலரோகமும் இருதய நோயும் மிகுந்து காணப்பட்டன. எனினும் இதனைக் கொண்டு, இனிப்புக் குளிசையே நோயைத் தந்தது என முடிவு கட்டலாகாது. ஏற்கெனவே உடல் பருத்தோரும் நோய்க்கு அஞ்சியோருமே குளிசையை முதலில் நாடுகின்றனர். குடை பிடித்தோர் மிகுந்த நாளில் மழை மிகுந்தது என்று கண்டு, குடையால் மழை வந்தது எனலாகாதன்றோ? இச்சிக்கலை உணர்ந்தே அத்தாபனம் அறிவுரையை உறுதியற்றது என்னும் நிபந்தனையுடன் வெளியிட்டது. சலரோகம் உள்ளவர்க்கு இவ்வறிவுரை பொருந்தாது எனவும் விலக்கிற்று. ஆகவே எம் முதலாம் நண்பர் குளிசைப் பெட்டியை எறிந்துவிட வேண்டியதில்லை.

மூன்றாம் நண்பருக்கு நாம் கூறுவது அவர்க்கு உவப்பாயிராது. பனங்கட்டியில் மிகுந்திருப்பது கரும்புச் சீனியிலுள்ள அதே சுக்குரோசு. மணமும் நிறமும் சிறிது கனிப்பொருளும் அதில் உண்டு. எம் மண்ணின் பொருளென்ற அன்பும் உண்டு. ஆயின் குருதி அவ்வன்பை அறியாது. தேநீரிற் கலக்காது கடித்துக்கொண்டால் தீங்கில்லை என்பது எம்மவருள் வழங்கும் இனிய மயக்கங்களுள் ஒன்று.

நிற்க, இதுகாறும் தேநீரையும் மென்பானத்தையும் பற்றியே பேசினோம். திண்பண்டங்களின் செய்தி இன்னும் சிக்கலானது. சீனி இனிப்பதற்கு மட்டும் உணவில் இடப்படுவதன்று. ஜாமிலே அது நீரைத் தன்பால் ஈர்த்துப் பூஞ்சணம் வளராது காக்கின்றது. கேக்கிற்குப் பருமனும் மென்மையும் தருகின்றது; விசுக்கோத்தின் மேற்புறத்தைப் பொன்னிறமாக்குகின்றது. இருநூறு கிராம் சீனியை எடுத்துவிட்டு அரைக் கிராம் சுக்கிரலோசை இட்டால் இனிப்பு நிரம்பும், பாத்திரம் நிரம்பாது. அவ்வெற்றிடத்தை நிரப்புதற்கு மாப்பொருளிலிருந்து பெறும் மோற்றோடெக்ஸ்திரினும், கோந்துகளும், சோபிற்றோல், மோற்றிற்றோல் முதலிய மதுசாரச் சீனிகளும் வருகின்றன. சீனி காத்த ஜாமை இப்பொழுது பொற்றாசியம் சோபேற்றுக் காக்கின்றது. இவ்வாறு ஒன்றை நீக்கப் புகுந்த இடத்தில் நாலைந்து புகுகின்றன. சீனியற்றது எனப் பெரிய எழுத்திற் பொறித்த விசுக்கோத்திற் கோதுமைமாவும் கொழுப்பும் பழையபடியே உள்ளன. மாவும் சமிபாடடைந்து குளுக்கோசாகவே குருதியிற் சேரும். சலரோகத்தார் பலர் அப்பெட்டியை ஒரே மாலையில் முடித்துவிட்டு, மறுநாட் காலைக் குருதிச் சோதனையைக் கண்டு திகைக்கின்றனர். மதுசாரச் சீனி நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்படின், மிகையாக உண்டால் வயிறு கழியும் என்னும் எச்சரிக்கை ஐரோப்பாவிற் கட்டாயம். சைலிற்றோல் இட்ட இனிப்பை வீட்டு நாய்க்குக் கொடுத்துவிடல் ஆகாது. அதன் உயிருக்கே ஆபத்து.

சேர்மானம் என்றாலே கலப்படம் எனக் கொள்வோரும் உளர். கலப்படம் எத்தகையது என்பதைப் பழைய வரலாறு காட்டும். 1858ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இங்கிலாந்தின் பிறட்போட் நகரில், சீனி விலைமிக்கதாயிருந்தமையின் இனிப்புச் செய்வோன் அதனோடு வெண்சாந்துத் தூளைச் சேர்ப்பது வழக்கம். அத்தூளை வாங்கச் சென்ற இடத்தில், மருந்துக்கடைப் பணியாள் தவறுதலாக ஆசனிக்கு நஞ்சை நிறுத்துக் கொடுத்தான். சந்தையில் அவ்வினிப்பை வாங்கியுண்டோரில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 200 பேரளவில் நோயுற்றனர். இன்று சேர்மானங்கள் பெயரும் எண்ணும் பெற்று, அளவு வரையறுக்கப்பட்டுச் சுட்டுத்துண்டில் ஏறியிருப்பது அத்தகைய சாவுகளின் பின் வந்த சட்டங்களாலேயாம்.

அவ்வெண்களைக் கண்டு மருளுதல் வேண்டாம். 100 என்பது எம் அம்மியில் அரைபடும் மஞ்சளின் நிறப்பொருள். 300 என்பது நெல்லியிலும் தேசிக்காயிலும் உள்ள விற்றமின் சீ. 330 தேசிக்காயின் புளிப்பு. அதே வரிசையில் 120 என்பதோ ஒருவகைப் பூச்சியை உலர்த்தி இடித்தெடுக்கும் செந்நிறம். சைவ உணவினர் நோக்கவேண்டிய எண் அது. மிருகங்களின் எலும்பிலும் தோலிலும் இருந்து பெறும் ஜெலற்றின், குழந்தைகள் விரும்பும் மென்மையான இனிப்புகளிற் பரவலாக உண்டு. நஞ்சைத் தேடும் கண்கள் இவற்றைத் தப்பவிடுகின்றன.

நிறமூட்டிகளைப் பற்றிய கவலைக்கு ஆதாரம் உண்டு. சௌதாம்ரன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுப் பிள்ளைகளையும் எட்டு ஒன்பது வயதினரையும் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேற்றும் சேர்ந்த பானத்தை அருந்தியோரிற் சிலருக்கு அமைதியின்மை மிகுந்தது. விளைவு சிறிது, எல்லாப் பிள்ளைகளிலும் ஒருபடித்தாக இல்லை. எனினும் 2010ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் தாற்றசீன் முதலிய ஆறு நிறங்களைக் கொண்ட உணவுகள், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்னும் வாசகத்தைத் தாங்கவேண்டியனவாயின. பல கம்பனிகள் அவ்வாசகத்தை அச்சிடுவதினும் நிறத்தை மாற்றுவதே இலாபமெனக் கண்டு மாற்றின. எரித்திரோசின் என்னும் செந்நிறத்தை அமெரிக்கா உணவினின்றும் விலக்கியது 2025 சனவரியிலேயே. ஆண் எலிகளிற் புற்றுநோய் கண்டமையால் 1990ஆம் ஆண்டிலேயே முகப்பூச்சுகளினின்றும் அதனை நீக்கிய நாடு அது. உதட்டிற் பூச ஆகாதது உள்ளே செல்ல முப்பத்தைந்து ஆண்டு ஆகுமாயிருந்தது. அந்நிறம் உணவுக்குத் தேவையானதுமன்று. கெடாது காக்கும் பொருளையேனும் உணவுக்கு உதவுவது எனலாம். நிறம் கண்ணை ஏய்ப்பதன்றி வேறு யாது செய்கின்றது?

இனிப்புக்கும் இதே வினாவை விடுத்தல் தகும். சலரோகத்தாருக்கு அது தேவைக்குப் பயன்படுகின்றது. நோயற்ற குழந்தைக்கு யாது பயன்? சிலி நாட்டில் 2016ஆம் ஆண்டு சீனி மிகுந்த பண்டங்களின் முகப்பிற் கரிய எட்டுமூலை முத்திரை இடல் வேண்டும் என்ற சட்டம் வந்தது. கம்பனிகள் சீனியைக் குறைத்தன, முத்திரை நீங்கிற்று, குறைந்த இடத்தைச் செயற்கை இனிப்பு நிரப்பிற்று. பிள்ளைகளின் நா பழகிய இனிப்பு அவ்வளவிலேயே நின்றது. இதனைக் கண்ட மெக்சிக்கோ, 2020இற் தன் சட்டத்தை இயற்றியபோது, இனிப்பூட்டி கொண்டது, பிள்ளைகளுக்கு உகந்ததன்று என்னும் வாசகத்தை முகப்பிலேயே அச்சிடக் கட்டளையிட்டது.

எமது நாட்டில் 2016இல் மென்பானங்களுக்கு நிறக்குறி விதிகள் வந்தன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையிற் பச்சை, இடைப்பட்டதற்கு மஞ்சள். மறு ஆண்டிற் சீனியின் அளவுக்கேற்ப வரியும் விதிக்கப்பட்டது. இவை நல்ல முயற்சிகளே. ஆயின் பச்சைக் குறி உரைப்பது சீனியின் அளவு ஒன்றையே. குறியைக் கண்டு மனமகிழ்ந்து போத்தலைக் குழந்தையின் கையிற் கொடுக்கும் தாய், பின்புறத்தைத் திருப்பிச் சேர்மானங்களின் வரிசையையும் நோக்குவாளாக. 950 என்பது அசசல்பேம், 951 அஸ்பார்ட்டேம், 952 சைக்கிளமேற், 954 சக்கரின், 955 சுக்கிரலோஸ். 960 சீனித்துளசி இலையிலிருந்து பெறுவது; இலையினின்றும் வந்ததாயினும் அதுவும் ஆலையிற் பிரித்துத் தூய்மையாக்கிய பொருளே. ஒரு போத்தலில் இரண்டு மூன்று சேர்ந்திருத்தலும் உண்டு; ஒன்றன் கசப்பை மற்றொன்று மறைக்கும் பழைய உத்தியே அது. எழுத்துகள் மிகச் சிறியன. எம் வயதினர்க்கு மூக்குக்கண்ணாடியின்றி அவை தெரியா. கடைக்கு உடன்வரும் பேரப்பிள்ளையையே உரக்க வாசிக்கச் சொல்லலாம்.